350–353 உள்நாட்டுப் போர்க் காசுகள்: மேக்னென்டியஸ் வெண்கலத்தை இனங்காணும் முறை

ரோமானிய வெண்கலக் காசு கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முகத்தைப் பார்த்து ஆளை ஊகிக்கப் பார்ப்பார்கள். நீரோ, ஹாட்ரியன் காசுகளில் அது ஓரளவு பலிக்கும். 4-ஆம் நூற்றாண்டுக் காசில் பலிக்காது. அதிலும் 350-இல் ரோமானியப் பேரரசின் மேற்குப் பகுதியைப் பிடித்த மேக்னென்டியஸ் காலத்துக் காசுகளில் ஒரே அச்சு வெட்டுநர் அவருக்கும் அவர் உறவினர் டெசென்டியஸுக்கும் கிட்டத்தட்ட ஒரே முகத்தை வெட்டியிருப்பார். இந்தக் காசுகளில் நம்பத் தகுந்தவை மூன்று: எடை, முன்பக்கப் பொறிப்பின் கடைசி எழுத்துகள், பின்பக்கத்தின் அடியில் இருக்கும் நாணயச்சாலைக் குறி. முகம் அதற்குப் பிறகுதான்.

நாணயச்சாலைக் குறிக்கு இவ்வளவு மதிப்பு தருவதற்குக் காரணம், போர் நடந்த மூன்றரை ஆண்டுகளில் நாணயச்சாலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. எந்த ஊர் எப்போது யார் வசம் இருந்தது என்று தெரிந்தால் காசின் காலமும் பக்கமும் தானே வந்துவிடும். அதற்கு வேண்டிய வரலாறு கொஞ்சம்தான்.

350 ஜனவரி 18 அன்று, இன்றைய பிரான்சின் ஓட்டன் நகரில், படைத்தளபதி மேக்னென்டியஸ் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். மேற்குப் பகுதியை ஆண்ட கான்ஸ்டன்ஸ் தப்பியோடி, பிரனீஸ் மலையடிவாரத்தில் கொல்லப்பட்டார். மார்ச் 1-இல் டான்யூப் பக்கத்துப் படைகள் வெட்ரானியோ என்ற முதிய தளபதியைப் பேரரசராக்கின. ஜூன் 3-இல் கான்ஸ்டன்டைன் குடும்பத்தைச் சேர்ந்த நெப்போட்டியானஸ் ரோம் நகரைப் பிடித்தார். நான்கு வாரத்துக்குள் அவர் கதை முடிந்தது. கிழக்கை ஆண்ட இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் முன்னிலையில் அதே ஆண்டு டிசம்பர் 25-இல் வெட்ரானியோ பதவியைத் துறந்தார். மேக்னென்டியஸ் தன் உறவினர் டெசென்டியஸைச் சீசராக, அதாவது இளைய ஆட்சியாளராக, அமர்த்தினார். 351 செப்டம்பர் 28-இல் முர்சாவில் (இன்றைய குரோவேஷியாவின் ஓசியெக்) இரு தரப்புக்கும் பேரிழப்பான போர் நடந்தது, மேக்னென்டியஸ் பின்வாங்கினார். 352-இல் இத்தாலியும் போனது. 353 ஆகஸ்டில் லியோனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். சில நாளில் டெசென்டியஸும் அதே வழியில் போனார்.

வேண்டிய கருவிகள்

0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு, வெர்னியர் காலிப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு மேசை விளக்கு. விளக்கை உச்சியில் வைக்காதீர்கள். காசின் தளத்தோடு ஒட்டியபடி, பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். தேய்ந்த எழுத்தின் நிழல் அப்போதுதான் விழும். காசை நான்கு திசையிலும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இல்லாத எழுத்து அடுத்த கோணத்தில் எழுந்து நிற்கும்.

படி 1: எடையும் விட்டமும்

மேக்னென்டியஸின் தொடக்கக் காசுகள் பொதுவாக 4 முதல் 5.5 கிராம், 21 முதல் 24 மி.மீ. இருக்கும். போர் இழுக்க இழுக்க எடை குறைந்து 3 கிராமை நோக்கி இறங்கியது. கடைசியில் வந்த பெரிய கை-ரோ (கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளை இணைத்த சின்னம்) காசு தனி வகை: முதல் வெளியீட்டில் 8 கிராமைச் சுற்றியும் 26 முதல் 28 மி.மீ. வரையும் இருந்தது. அதுவும் சில மாதங்களிலேயே சுருங்கி 5 கிராம் அளவுக்கு வந்தது.

இந்த எண்கள் சட்டம் அல்ல. ரோமானியர் வெண்கலத்தைக் காசு காசாக நிறுத்து அடிக்கவில்லை. ஒரு பவுண்டு உலோகத்தில் இத்தனை காசு என்பதுதான் கணக்கு. அதனால் ஒரே தொகுதியில் ஒன்று 4.1, இன்னொன்று 5.3 என்று இருப்பது சகஜம். ஆனால் தொடக்க வகைப் படத்தோடு 2 கிராமில் ஒரு காசு வந்தால் அது நாணயச்சாலைச் சரக்கு அல்ல என்று சந்தேகப்படலாம். கீழே வரும் அக்காலப் போலிகள் பகுதியைப் பாருங்கள்.

கூடவே அச்சுத் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத் தலை நேராக இருக்கும்படி பிடித்து, இடம் வலமாகத் திருப்பினால் பின்பக்கப் படம் நேராக வருகிறதா, தலைகீழாக வருகிறதா? கடிகார முள்ளாக எண்ணினால் 12 அல்லது 6-க்கு அருகில் வருவதே இயல்பு.

படி 2: தலையில் என்ன இருக்கிறது?

இது ஐந்து விநாடி வேலை, ஆனால் பாதிக் கேள்விக்கு விடை தந்துவிடும். மேக்னென்டியஸும் டெசென்டியஸும் வெண்கலக் காசுகளில் வெறுந்தலையோடு இருப்பார்கள். முழுப் பேரரசர் வெறுந்தலையோடு வருவது அந்தக் காலத்தில் புதுமை. இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் முத்துவடப் பட்டம் கட்டியிருப்பார். பின்கழுத்தில் பட்டத்தின் இரண்டு நாடாக்கள் தொங்கும். வெட்ரானியோ வாகை மாலை சூடி, தாடியோடு இருப்பார்.

முத்துகள் தேய்ந்துபோயிருந்தால் நாடாவைத் தேடுங்கள். நெற்றிக்கு மேலே இருக்கும் முத்துகள் காசின் உயர்ந்த இடத்தில் இருப்பதால் முதலில் தேயும். கழுத்துப் பள்ளத்தில் இருக்கும் நாடா கடைசி வரை தாங்கும்.

சில காசுகளில் தலைக்குப் பின்னால் ஏ என்ற ஒற்றை எழுத்து இருக்கும். அது பெயரின் பகுதி அல்ல. பொறிப்போடு சேர்த்து வாசித்தால் குழம்பிப்போவீர்கள்.

படி 3: கடைசி எழுத்துகள்

முன்பக்கப் பொறிப்பு இடது கீழே தொடங்கி, தலைக்கு மேலே ஒரு இடைவெளி விட்டு, வலது கீழே முடியும். எழுத்துகளின் கால் காசின் மையத்தைப் பார்த்திருக்கும். அக்கால எழுத்தில் யு கிடையாது. வி வடிவமே இரண்டுக்கும்.

வெறுந்தலையுள்ள இந்த இருவர் காசில், முடிவில் ஏ-வி-ஜி (அகஸ்டஸ், அதாவது பேரரசர்) இருந்தால் மேக்னென்டியஸ். சி-ஏ-ஈ-எஸ் (சீசர்) இருந்தால் டெசென்டியஸ். பொறிப்பு முழுவதும் அழிந்து, வலது தோளருகே ஒரே ஒரு எழுத்து மிஞ்சியிருந்தால்கூட ஜி-யா எஸ்-ஸா என்பதே போதும்.

தொடக்க எழுத்தை நம்பினால் இரண்டு இடத்தில் விழுவீர்கள். டெசென்டியஸின் சில காசுகள் எம்-ஏ-ஜி என்று தொடங்கி, பிறகுதான் அவர் பெயர் வரும். முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் மேக்னென்டியஸ் என்று சீட்டு எழுதி உறையில் போட்டுவிடுபவர்கள் ஏராளம். விற்பனையாளர்களிடமும் இந்தத் தவறு உண்டு. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: மேக்னென்டியஸின் தொடக்கக் காசுகள் சிலவற்றில் அவர் பெயருக்கு முன்னால் ‘இம் சே’ என்று வரும். அந்த ‘சே’ பழைய பேரரசர் பட்டத்தில் இருக்கும் சீசர். அதைப் பார்த்து இது இளைய ஆட்சியாளரின் காசு என்று முடிவு கட்டக் கூடாது. காசு ஏ-வி-ஜி என்று முடிகிறதா என்று பாருங்கள்.

முகத்தைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். மேக்னென்டியஸுக்குக் கனத்த முகம், பின்கழுத்தில் நீண்டு இறங்கும் முடி. டெசென்டியஸுக்குச் சற்று ஒடுங்கிய முகம், ஒட்ட வெட்டிய முடி.

படி 4: பின்பக்கம்

புதியவர் கையில் வருவது பெரும்பாலும் நான்கு வகைதான்.

முதலாவது, ‘ஃபெலிசிடாஸ் ரெய்புப்ளிசே’. பேரரசர் நின்றபடி ஒரு கையில் உருண்டை மேல் நிற்கும் வெற்றித் தேவதையையும் மறு கையில் கை-ரோ பொறித்த கொடியையும் பிடித்திருப்பார்.

இரண்டாவது, ‘குளோரியா ரோமானோரும்’. பேரரசர் குதிரை மேல் பாய்ந்து, மண்டியிட்டுக் கை நீட்டும் எதிரியை ஈட்டியால் குத்துவார். கீழே கேடயமும் முறிந்த ஈட்டியும் கிடக்கும். இதைக் கான்ஸ்டான்டியஸின் புகழ்பெற்ற ‘ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ’ காசோடு குழப்பிக்கொள்வது வழக்கம். அதில் நிலைமை தலைகீழ்: குத்துபவர் தரையில் நிற்கும் வீரர், விழுபவர்தான் குதிரைக்காரர். காசு தேய்ந்திருந்தால் ஈட்டி பிடித்த கை குதிரைக்கு மேலே இருக்கிறதா, இடப்பக்கம் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, மிக அதிகமாகக் கிடைப்பது: இரண்டு வெற்றித் தேவதைகள் எதிரெதிரே நின்று ஒரு கேடயத்தைப் பிடித்திருப்பார்கள். கேடயத்துக்குள் ‘வோட் 5 முல்ட் 10’ என்ற வேண்டுதல் வாசகம் நான்கு வரியில் இருக்கும். எண்கள் ரோமன் எழுத்தில். கேடயத்துக்குக் கீழே சிறு தூணும், மேலே கை-ரோவும் சிலவற்றில் இருக்கும். சுற்றிலும் ‘விக்டோரியே டிடி என்என் ஆக் எட் சேஸ்’. கடைசிச் சொல் சில அச்சுகளில் ஓரிரு எழுத்து குறைந்து நிற்கும். காசுப் பட்டியல் நூலில் எண் தேடும்போது இந்தக் குறைதான் ஒரு காசை இன்னொன்றிலிருந்து பிரிக்கும். எனவே எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மனத்தால் நிரப்பாதீர்கள்.

நான்காவதுதான் இந்தத் தொகுதியின் மகுடம். படம் எதுவும் கிடையாது. காசின் முழுப் பரப்பையும் ஒரு பெரிய கை-ரோ நிரப்பியிருக்கும். அதன் இடப்பக்கம் ஆல்ஃபா, வலப்பக்கம் ஆங்கில டபிள்யூ போல் தெரியும் ஒமேகா. சுற்றிலும் ‘சாலுஸ் டிடி என்என் ஆக் எட் சேஸ்’. கிறித்தவச் சின்னமே காசின் முதன்மை உருவமாக, இவ்வளவு பெரிதாக நிற்பது அதற்கு முன் ரோமானியக் காசில் கண்டதில்லை. விலை ஏறுவதற்கும் போலிகள் பெருகுவதற்கும் அதுவே காரணம்.

கை-ரோ காசில் மேக்னென்டியஸ் இருப்பார், டெசென்டியஸ் இருப்பார். அபூர்வமாக முத்துப் பட்டத்தோடு கான்ஸ்டான்டியஸும் இருப்பார். கான்ஸ்டான்டியஸ் காசில் மட்டும் பின்பக்கம் ‘சாலுஸ் ஆக் நாஸ்ட்ரி’ என்று ஒரே ஆட்சியாளரைச் சொல்லும். 353-இல் ட்ரியர் நகரம் போமெனியஸ் என்பவர் தலைமையில் மேக்னென்டியஸுக்கு எதிராகத் திரும்பி, டெசென்டியஸுக்குக் கதவடைத்தபோது அங்கே அடித்தது இது. எதிரியின் படத்தை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். இப்படி ஒன்று மலிவாக வந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

படி 5: நாணயச்சாலைக் குறி

பின்பக்கப் படத்துக்குக் கீழே உள்ள எழுத்துகளில் ஊர்ப் பெயரும் பட்டறை எண்ணும் சேர்ந்திருக்கும். பட்டறைக்கு பி என்றால் முதல், எஸ் என்றால் இரண்டாம்.

ட்ரியர் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டு, பின்னால் பட்டறையைச் சேர்க்கும். லியோனில் தொடக்கத்தில் ஆர், நடுவில் பட்டறை, கடைசியில் எல்-ஜி. ஆர்லில் பட்டறை முன்னால், ஏ-ஆர் பின்னால். ரோமில் ஆர் என்ற எழுத்தோடு பட்டறை. அக்விலேயாவில் ஏ-க்யூ, பின்னால் பட்டறை. அமியான் நகரின் குறி ‘அம்ப்’ என்ற மூன்றெழுத்து. பழைய பெயரான ஆம்பியானியின் சுருக்கம். அமியான் நாணயச்சாலையைத் திறந்தவரே மேக்னென்டியஸ்தான்.

ஆர்லில் கவனம் வேண்டும். ‘கான்’ என்று முடியும் குறி இருந்தால் அது 353-க்குப் பிறகு கான்ஸ்டான்டியஸ் ஆர்லைப் பிடித்து, ஊர்ப் பெயரையே மாற்றிய பிந்தைய காசு. அதைக் கான்ஸ்டான்டினோப்பிள் என்று வாசிப்பது இன்னொரு வழக்கமான சறுக்கல்.

இப்போது நான்கு விவரத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். வெறுந்தலை மேக்னென்டியஸ், பெரிய கை-ரோ, ஆனால் குறி ரோம் அல்லது அக்விலேயா என்று வாசித்திருக்கிறீர்களா? மறுபடி வாசியுங்கள். கை-ரோ காசு வந்த காலத்தில் இத்தாலி அவர் கையில் இல்லை. அந்த வகை அமியான், ட்ரியர், லியோன், ஆர்ல் சரக்கு. ஏ-க்யூ என்று பட்டது ஆர்லின் ஏ-ஆர் ஆக இருக்கலாம். அந்தியோக், அலெக்சாந்திரியா, நிக்கோமீடியா குறிகளோடு மேக்னென்டியஸ் வரவே முடியாது. அந்த ஊர்கள் ஒருநாளும் அவர் வசம் வந்ததில்லை.

வெட்ரானியோ காசுகள் சிஸ்கியாவிலும் தெசலோனிக்காவிலும் அடித்தவை. சிஸ்கியாவின் ‘ஹோக் சிக்னோ விக்டர் எரிஸ்’ வகையில் கொடி ஏந்தி நிற்கும் பேரரசருக்குப் பின்னாலிருந்து வெற்றித் தேவதை முடி சூட்டுவாள். இந்தப் பின்பக்கத்தைக் கண்டதும் வெட்ரானியோ என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். தான் எதிரி இல்லை என்று காட்ட அவர் கான்ஸ்டான்டியஸ் பெயரிலும் இதே காசை அடித்தார். கையில் கிடைப்பது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். நெப்போட்டியானஸ் காசு சந்தையில் வருவதே அரிது.

இவ்வளவும் குறித்த பிறகுதான் பட்டியலைத் திறக்க வேண்டும். ஆர்.ஐ.சி. என்ற நிலையான பட்டியலின் 8-ஆம் தொகுதி 337 முதல் 364 வரையிலான காசுகளை நாணயச்சாலை வாரியாகத் தருகிறது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஓ.சி.ஆர்.இ. இணையத் தரவுத்தளத்தில் அதே எண்களை இலவசமாகத் தேடலாம். படத்தைப் பார்த்து எண்ணைப் பொருத்தாதீர்கள். பொறிப்பும் குறியும் பொருந்தினால்தான் அந்த எண் உங்கள் காசுக்கு உரியது.

அக்காலப் போலிகள்

எடை குறைவு, எழுத்து கோணல், அச்சுத் திசை தாறுமாறு: மூன்றும் சேர்ந்தால் அது 350-களில் கோல் பகுதியிலும் (இன்றைய பிரான்சும் சுற்றுப்புறமும்) பிரிட்டனிலும் தனியார் அடித்த காசாக இருக்க வாய்ப்பு அதிகம். மேக்னென்டியஸ் தோற்றபின் அவர் காசுகள் செல்லாதவையாயின. புதுச் சில்லறை போதிய அளவு மேற்கே வரவில்லை. அந்த இடைவெளியை இந்தப் போலிகள் நிரப்பின. சிலர் மேக்னென்டியஸ் காசையே எடுத்து, அதன் மேல் விழும் குதிரைக்காரர் படத்தை அடித்தார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் குதிரையின் வயிற்றுக்கு அடியில் பழைய கேடயத்தின் விளிம்போ, வெறுந்தலையின் பிடரியோ தெரியும். அப்படி ஒன்று கிடைத்தால் தள்ளிவிடாதீர்கள். ஒழுங்கான காசைவிடப் போரின் முடிவை இது நேராகச் சொல்கிறது.

இக்காலப் போலிகளும் கைவேலையும்

வார்ப்புப் போலிக்கு விளிம்பில் மெல்லிய இணைப்புக் கோடு அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். பரப்பில் ஊசி முனை அளவுக் குழிகள் தெரியும். எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல் மழுங்கியிருக்கும்.

அதைவிட ஆபத்து, உண்மையான தேய்ந்த காசை உளி கொண்டு ‘திருத்துவது’. கை-ரோ காசில் இது மிக அதிகம். லூப்பில் எழுத்தின் அடிவாரத்தைப் பாருங்கள். அச்சடித்த எழுத்தின் அடியில் உலோகம் தளத்திலிருந்து சரிவாக ஏறும். விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகளும் தெரியலாம். செதுக்கிய எழுத்தைச் சுற்றித் தளம் தோண்டியதுபோல் தாழ்ந்து, கூரான கீறல் ஒன்று எழுத்தின் காலோடு ஒட்டி ஓடும். முகம் வழவழவென்று தேய்ந்திருக்க, பின்பக்கக் கை-ரோ மட்டும் கத்தி முனையாக நின்றால் விலகிவிடுங்கள்.

தமிழ்நாட்டு, இலங்கை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. கரூர், மதுரைப் பகுதிகளிலும் இலங்கையிலும் பிற்கால ரோமானிய வெண்கலம் உண்மையாகவே கிடைத்திருக்கிறது, இலங்கையில் ஆயிரக்கணக்கில். ஆனால் அவை பெரும்பாலும் 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 5-ஆம் நூற்றாண்டுச் சிறு காசுகளும் அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்தவையும். அமியானில் அடித்த பெரிய கை-ரோ ஒன்றை வைகை மணலில் எடுத்தது என்று யாராவது நீட்டினால், அந்தக் கதைக்கு விலை கொடுக்காதீர்கள். மண்ணில் தானே கண்டெடுத்தால் நிலைமை வேறு: இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

துப்புரவும் பாதுகாப்பும்

குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி, எலுமிச்சை, பித்தளைப் பொடி எதையும் போடாதீர்கள். அமிலம் முதலில் தின்பது, எழுத்தின் நுணுக்கத்தைத் தாங்கி நிற்கும் மேற்படலத்தை. படலம் போனால் இளஞ்சிவப்பு உலோகம் மிஞ்சும், எழுத்து மிஞ்சாது. ஆலிவ் எண்ணெயும் மெல்ல அரிக்கும் அமிலம்தான்.

காய்ச்சி வடித்த நீரில் ஊற வையுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை நீரை மாற்றி, மென்மையான பல்துலக்கியால் தடவி, பல்குத்தும் குச்சியால் மண்ணை மட்டும் நெம்புங்கள். வாரக்கணக்கில் ஆகும். எழுத்து வாசிக்க வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

கெட்டியான கரும்பச்சைப் படலம் நல்லது. வெளிர்பச்சைத் தூள் கெட்டது. ஊசியால் தொட்டால் மாவாக உதிர்ந்தால் அது வெண்கல நோய்: காசுக்குள் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தொடர்ந்து அரிக்கிறது. உடனே மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, தூளை ஊசியால் எடுத்துவிட்டு, மீண்டும் வடித்த நீரில் நெடுநாள் ஊற வைத்து, முழுக்க உலர்த்துங்கள். 5 சதவீத சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல் வேகமாக வேலை செய்யும், ஆனால் படலத்தின் நிறத்தை மாற்றிவிடக்கூடும். பென்சோட்ரயசோல் நச்சு, அதைப் பாதுகாப்பு வல்லுநர்களிடம் விட்டுவிடுங்கள்.

பி.வி.சி. உறைகள் நாள்பட அமிலத்தை விடும். காசின் மேல் பிசுபிசுவென்று பச்சை பூக்கும். மைலார் உறையோ, அமிலமற்ற காகித உறையோ போதும். சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே முதல் எதிரி. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு சிறு ஈரமானியையும் போட்டு, 40 சதவீதத்துக்குக் கீழ் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறியதும் வறுத்து உலர்த்தித் திரும்பப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.